நான் திருத்திய மழை

திருத்தங்கலில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. வீடு விருதுநகரில். தினமும் காலையில் சிவகாசி பஸ் ஏறி வந்து, சாயங்காலம் அதே வழியில் திரும்பிப் போகிறேன். பிள்ளைகள் என்னைத் ‘தமிழம்மா’ என்று கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடிக்கும். யாராவது வாய்தவறி ‘மிஸ்’ என்று கூப்பிட்டுவிட்டால் என் முகம் மாறிவிடுமாம். பிள்ளைகளே சொல்லிச் சிரிப்பார்கள்.

கொரோனா வந்தபோது எங்கள் பள்ளியின் இலக்கிய மலர் நின்றுபோனது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் மலரைக் கொண்டு வந்துருவோம் டீச்சர். நீங்கதான் எடுத்துச் செய்யணும். உங்களை விட்டா யாரு இருக்கா?” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நான் கவிதை எழுதுகிறவள். கல்லூரி நாளிலிருந்து எழுதுகிறேன். பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் மூன்று வந்திருக்கின்றன. வராதவை எத்தனை என்று என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மலர் வந்தால் அதில் என் கவிதை ஒன்று ஒரு முழுப் பக்கத்தில் வரும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பட்டாசு கிப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றுக்கு வெள்ளைத்தாள் ஒட்டி, மேலே கீறி வாய் வைத்து, ஆசிரியர் அறை வாசலில் வைத்தேன். ‘உங்கள் படைப்புகளை இங்கே இடுங்கள்’ என்று என் கையால் எழுதினேன். கீழே தலைப்புகளும் கொடுத்தேன்: தமிழின் இனிமை, மரம் வளர்ப்போம், தாய்மை, நேரத்தின் அருமை. பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பேசினேன். எழுதுவது ஒரு தவம் என்றேன். உங்களில் எத்தனை பேர் நாளைக்கு எழுத்தாளராகப் போகிறீர்களோ என்றேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். பிளஸ் ஒன்னில் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்து, “எழுத ஒண்ணுமே இல்லையே தமிழம்மா. இங்கன அப்படி என்ன நடக்கு?” என்றாள். வகுப்பே சிரித்தது. “தேடுனா கிடைக்கும், உக்காரு” என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து தாள்கள் இருந்தன. ஒன்று போனில் பார்த்து அப்படியே எழுதியது. இரண்டில் அம்மாவைப் பற்றி ஒரே கவிதை, வேறு வேறு கையெழுத்தில். நான்காவதில் பெயர் மட்டும் இருந்தது. ஐந்தாவதில், ‘கேன்டீனில் சமோசா போட வேண்டும்’ என்று ஒரு கோரிக்கை.

அந்த வாரத்தில்தான் எங்கள் விளையாட்டு ஆசிரியை பி.டி. டீச்சர் என் மேஜைக்கு வந்தார்.

அவர் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சாத்தூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். கிரவுண்டின் ஒரு மூலையில் நின்று பேசினால் மறுமூலைக்குக் கேட்கும் குரல். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு புத்தகம் எதையும் அவர் கையில் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கிரவுண்டில் யார் யாரைச் சுற்றினால் எனக்கென்ன என்றுதான் அதுவரை இருந்தேன்.

அன்று அவர் ஒரு காகிதக் கட்டை என் மேஜையில் வைத்தார். ஸ்கிப்பிங் கயிற்றால் கட்டியிருந்தது.

“டீச்சர், மலருக்கு வேணும்னு சொல்லிக்கிட்டு இருந்தீகள்ல. இது ஆகுமான்னு பாருங்க. பிள்ளைக எழுதுனது.”

“எத்தனை இருக்கு?”

“அறுபதுக்கு மேல இருக்கும். எண்ணல.”

“எப்படி எழுத வச்சீங்க?” என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டேன்.

“நான் என்னத்த வச்சேன்? வயித்து வலி, கால் வலின்னு சில பிள்ளைக விளையாட வராம ஓரமா உக்காந்துரும்ல. சும்மா உக்காரக் கூடாது, நேத்து ஸ்கூல் விட்டுப் போனதுல இருந்து தூங்குற வரைக்கும் நடந்ததை எழுதித் தாங்க, இல்லன்னா எந்திரிச்சு ரெண்டு ரவுண்டு ஓடுங்கன்னு சொன்னேன். ஓடுறதுக்குப் பயந்து எழுதிட்டாளுக. அதைப் பாத்துட்டு ஓடுறவளுகளும் நாங்களும் எழுதுறோம்னு உக்காந்துட்டாளுக. இப்ப ஓட ஆள் இல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் தவம் என்று சொல்லி வராததை இவர் ரெண்டு ரவுண்டு என்று சொல்லி வாங்கிவிட்டார்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கட்டை அவிழ்த்துப் படிக்க ஆரம்பித்தேன். அவை நன்றாக இருக்கக் கூடாது என்று விரும்பிக்கொண்டே படித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. ழ வர வேண்டிய இடமெல்லாம் ள வந்திருந்தது. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. ஒவ்வொரு பிழையும் எனக்கு ஓர் ஆறுதல்.

ஆனால் படிக்கப் படிக்க ஆறுதல் குறைந்துகொண்டே வந்தது. ஒருத்தியின் அப்பா அச்சாபீஸில் தாள் வெட்டும் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். வீட்டில் தோசை ஒரு பக்கம் கோணினாலும் திரும்ப ஊற்றச் சொல்வார் என்று எழுதியிருந்தாள். ஆனைக்குட்டத்துப் பிள்ளை ஒருத்தி, அணைக்குத் தண்ணீர் வந்த அன்று ஊரே பார்க்கப் போனதையும், அக்கா மட்டும் புது மாப்பிள்ளையோடு பைக்கில் போனதால் தான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்ததையும் எழுதியிருந்தாள். கடைசி வரியில், ‘தண்ணி நல்லாத்தான் இருந்திச்சு, எனக்குத்தான் பாக்க மனசு இல்ல’ என்று இருந்தது.

அதற்கு அடுத்த தாள்தான் அந்தத் தாள். பிளஸ் ஒன் பிள்ளை எழுதியது. “எழுத ஒண்ணுமே இல்லையே” என்று என்னிடம் எழுந்து நின்று கேட்டாளே, அவள்தான். அரைப் பக்கம்கூட இல்லை. எனக்கு மனப்பாடம். கம்பெனி என்றால் எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைதான்.

‘மழ பெஞ்சா எங்க அம்மாவுக்கு கம்பெனி லீவு. மருந்து காயாதுல்ல. அன்னைக்கு நான் ஸ்கூல் விட்டு போம்போது கதவு தொறந்து கெடக்கும். மத்த நாள் நான்தான் பூட்ட தொறக்கணும். மழ பெஞ்சா வேல போயிரும்னு அம்மா இருக்கன்குடி ஆத்தாகிட்ட மழ வேண்டாம்னு கும்பிடும். நான் பக்கத்துல நின்னு மழ வேணும்னு கும்பிடுவேன். ரெண்டு பேரும் ஒரே ஆத்தாகிட்டதான் கேக்கோம். ஆத்தா பாவம்.’

படித்ததும் கண் கலங்கியது என்று எழுதத்தான் ஆசை. எனக்கு வந்தது எரிச்சல். நெஞ்சுக்குக் கீழே, சாப்பிடாமல் இருந்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று. பதினாறு வயது. வயிற்று வலி என்று கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து, ஓடுவதற்குப் பயந்து எழுதியது. இப்படி ஒரு கடைசி வார்த்தை என் எந்தக் கவிதையிலும் வரவில்லை. வராது என்றும் அந்த பஸ்ஸில் எனக்குத் தெரிந்துபோனது.

மறுநாள் அதே வழியை நானும் முயன்று பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போய், “நேத்து சாயங்காலம் வீட்டுல நடந்ததை எழுதுங்க” என்றேன். நாற்பது நிமிஷம் தலை நிமிராமல் எழுதினார்கள். வாங்கிப் பார்த்தால், ‘நேற்று மாலை நான் இல்லம் திரும்பினேன். என் தாயார் எனக்குச் சிற்றுண்டி அளித்தார். அதனை நான் உண்டு மகிழ்ந்தேன்’ என்று ஆரம்பித்து எல்லாமே ஒரே மாதிரி இருந்தது. பிழை மிகக் குறைவு. அது தமிழம்மாவுக்கு எழுதும் தமிழ். அந்தத் தமிழை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

தலைமை ஆசிரியை பி.டி. டீச்சரின் கட்டைப் பற்றி ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் பாராட்டிப் பேசினார். “தண்டனைக்குப் பயந்து எழுதுனது தானே மேடம்” என்றேன். “எப்படியோ, எழுதிட்டாளுகள்ல” என்றார் அவர். பி.டி. டீச்சர் வாயில் சோற்றோடு, “டீச்சர் சொல்றது சரிதான் மேடம், தண்டனைதான்” என்றார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். மலருக்கு ஏற்றவை என்று இருபத்திரண்டைத் தேர்ந்தெடுத்தேன். அச்சில் ஏறுகிற தமிழ் பிழையில்லாமல் இருக்க வேண்டும், அது என் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பிழை திருத்தியதோடு என் கை நிற்கவில்லை. தோசைக்கார அப்பா ‘கடமை தவறாத தந்தை’ ஆனார். ஆனைக்குட்டத்துப் பிள்ளை கடைசி வரியில் ‘இயற்கையின் எழிலை’ ரசித்தாள். மழைத் தாளுக்கு வந்தபோது எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ‘மழை பெய்தால் என் அன்னைக்கு விடுமுறை’ என்று ஆரம்பித்தேன். பூட்டை எடுத்துவிட்டேன். கும்பிடுவதை ஒரு வாக்கியமாகச் சுருக்கினேன். ‘ஆத்தா பாவம்’ இருந்த இடத்தில், ‘உழைப்பவர்களை இறைவன் என்றும் கைவிடுவதில்லை’ என்று எழுதினேன். எழுதி முடித்து ஒருமுறை வாசித்தேன். அது சாதாரணமாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பேனாவை மூடிவைத்தேன். ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மலர் வேலையைக் கொடுத்திருந்தோம். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் மாதிரி சின்ன ஆர்டரை அவர்கள் ஏற்றுக்கொண்டதே தலைமை ஆசிரியையின் முகத்துக்காகத்தான். டைப் செய்த பக்கங்கள் வந்ததும், “பிள்ளைக பேரு, வகுப்பு சரியா இருக்கான்னு அவளுகளையே பாக்கச் சொல்லுங்க” என்றார் தலைமை ஆசிரியை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கீழே இருந்ததைச் சரியாகப் படிக்காமலே பல பேர் ஓடிப்போனார்கள்.

மழைப் பிள்ளை நின்று படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“தமிழம்மா, இது யாரு எழுதுனது?”

“நீதான். பேரு போட்டிருக்குல்ல?”

“இல்ல தமிழம்மா. நான் ஆத்தா பாவம்னு எழுதியிருந்தேன். அதைக் காணோம்.”

“சாமியைப் போய்ப் பாவம்னு எழுதலாமா? மலர் நாலு பேர் படிக்கிறது. அதான் கொஞ்சம் சீர் பண்ணேன்.”

அவள் தாளை என் மேஜையில் வைத்தாள். கோபம் எதுவும் இல்லை. “அதை எழுதணும்னுதான் மத்ததெல்லாம் எழுதுனேன்” என்றாள். பிறகு, “என் பேர எடுத்துருங்க தமிழம்மா” என்றாள்.

“பேரை எடுத்தா கட்டுரையையும் எடுக்கணும்.”

“எடுத்துருங்க.”

“சரி, போ” என்றேன். அவள் போனதும் அந்தப் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, எடுத்துவிடச் சொல்லி அச்சகத்துக்குச் செய்தி அனுப்பினேன். திமிர் பிடித்த பிள்ளை என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் திட்டுக்குக் கீழே எனக்குச் சந்தோஷம்தான். தானாக நின்று தானாக விலகிக்கொண்டாள். இனி அந்தக் கடைசி வார்த்தை அச்சில் வராது. யாரும் படிக்கப்போவதில்லை.

அன்று மதியமே பி.டி. டீச்சர் வந்தார். அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள், சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துத் தயாரானேன். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன.

“டீச்சர், ஆசிரியர் பக்கத்துக்கு எல்லாரும் ஒண்ணு தரணும்னு மேடம் சொன்னாக. நானும் எழுதிப் பார்த்தேன். எனக்கு இதெல்லாம் வராது. எங்கெங்க தப்போ அடிச்சிருங்க.”

‘உடற்பயிற்சியின் நன்மைகள்’ என்று தலைப்பு. அவர் போன பிறகு படித்தேன். உடற்பயிற்சி உடலுக்கு நல்லது, மனதுக்கு நல்லது, தினமும் செய்ய வேண்டும், செய்தால் நோய் வராது. அவ்வளவுதான். எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் எழுதும் கட்டுரை. படிக்கப் படிக்க எனக்குள் ஏதோ இளகியது. அவருக்கு எழுத வராது! கிரவுண்டில் அறுபது பேரை எழுத வைத்தவருக்கு எழுத வராது! வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன், பக்கத்து மேஜைக் கணக்கு டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

ஓரத்தில் ‘திருத்தம் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகுதான் அது கண்ணில் உறுத்தியது. அந்தக் கட்டுரையில் ஏழெட்டுப் பிழைகள் இருந்தன. ஒன்றைக்கூட நான் தொடவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளின் தாளைச் சிவப்பாக்கியவள், இதை ஏன் அப்படியே விட்டேன்? இது என்னை ஒன்றும் செய்யவில்லை, அதனால் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையின் அரைப் பக்கம் என்னை ஏதோ செய்தது. நான் திருத்தியது பிழையை இல்லை.

இதைப் புரிந்துகொண்டதும் நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பீரியட் முழுக்க யாருக்கும் தெரியாது என்று உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லாவிட்டால் தெரியவே தெரியாது. அப்புறம்தான் அச்சகத்துக்குப் போன் செய்தேன். “இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தா பார்க்கலாம் டீச்சர். நாளைக்கு எங்களுக்கு மூச்சு விட நேரம் இல்ல” என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர்.

பள்ளி விட்டதும் விருதுநகர் பஸ்ஸுக்குப் பதிலாக சிவகாசி பஸ் ஏறினேன். அச்சகத்தில் அடுத்த வருஷத்துக் காலண்டர் தாள்கள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. டைப் செய்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சிவப்பு மைக்குக் கீழே மங்கித் தெரிந்த பிள்ளைகளின் எழுத்தை ஒவ்வொரு வார்த்தையாக நான் சொல்லச் சொல்ல அவர் திரும்ப அடித்தார். மழைத் தாளை முதலில் எடுத்தேன்.

“மழைன்னு போடவா, மழன்னு போடவா மேடம்?”

“மழ.”

“பெய்தாலா, பெஞ்சாவா?”

“பெஞ்சா.”

கடைசி வரியைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றன. அவர் அம்மாவும் கம்பெனிக்குப் போனவராக இருக்கலாம், நான் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, “இது யாரு மேடம் எழுதுனது?” என்றார்.

“எங்க ஸ்கூல் பிள்ளை.”

“ஆத்தா பாவந்தான்” என்று சொல்லிக்கொண்டு அடித்து முடித்தார்.

என் எழுத்தைப் படித்துவிட்டு யாரும் அப்படிக் கை நிறுத்தியதில்லை, இது யார் எழுதியது என்று கேட்டதில்லை. நல்லது செய்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

மேற்பார்வையாளர் வந்து, “பக்கமெல்லாம் கட்டி முடிச்சாச்சு டீச்சர். நீங்க எடுக்கச் சொன்ன பக்கத்துல ஆசிரியர் கட்டுரை ஒண்ணு ஏறிருச்சு. இப்ப இதை உள்ள சேர்த்தா ஒண்ணை வெளிய எடுக்கணும்” என்றார். அந்த ஆசிரியர் கட்டுரை பி.டி. டீச்சருடையது. நான் மதியம் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அதற்கு எதிர்ப்பக்கம் என் கவிதை.

உடற்பயிற்சியை எடுத்துவிடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்து, “என் கவிதையை எடுத்துருங்க” என்றேன். தியாகம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அதை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால் அந்தப் பிள்ளையின் மழைக்குப் பக்கத்திலேயே என் கவிதை நிற்கும். யாராவது இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

இருட்டுவதற்குள் ஒன்பது தாளைத்தான் பழையபடி மாற்ற முடிந்தது. மற்ற பதிமூன்றும் என் திருத்தத்தோடே அச்சாகின. அவற்றை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “நீ எழுதுனபடியே வருது” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். “ஆத்தா பாவம்?” என்றாள். “அதுவும்” என்றேன். “சரி தமிழம்மா” என்று போய்விட்டாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தது எவ்வளவு கேவலம் என்று பிறகு தோன்றியது.

தீபாவளி கழிந்து, கம்பெனிகள் திறக்காமல் இருந்த நாட்களில் பெற்றோர் கூட்டம் வைத்து மலரை வெளியிட்டார்கள். மேடையில் எனக்குச் சால்வை போட்டார்கள். கீழே பிள்ளைகள் ஆளுக்கொரு மலரை எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்க பி.டி. டீச்சரைப் போய் மொய்த்தார்கள். அவர் விசில் கயிறு கையில் சிக்கச் சிக்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சால்வையை மடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டேன்.

அங்கே ஓர் அம்மா வாசலில் நின்றார். கையில் ஒரு பை. “டீச்சர், மழை எழுதுனது என் மகதான்” என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். அவதான் வாசிச்சுக் காட்டுனா. ஆத்தா பாவம்னு வந்ததும் ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். இவ தெனமும் வந்து ஆளில்லாத வீட்டைத் தொறக்கதை நான் யோசிச்சதே இல்ல. எல்லா வீட்டுலயும் அப்படித்தானன்னு இருந்துட்டேன்.” பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “அவள எழுத வச்ச டீச்சர் நீங்கதானே? எப்பப் பாத்தாலும் உங்களைப் பத்தித்தான் பேச்சு. எழுதுனதை எழுதுனபடியே போட வச்சது நீங்கதானாம்.”

அவர் கேட்டது இரண்டு டீச்சர்களைப் பற்றி. அவருக்கு அது ஒருத்தியாகத் தெரிந்தது. நான் “ஆமா” என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு சாத்தூர் சேவுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். “வேற என்ன கொண்டு வரன்னு தெரியல” என்றார். போகும்போது வாசலில் திரும்பி இன்னொரு தடவை கும்பிட்டார்.

அந்தப் பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்கவும் முடியவில்லை, பைக்குள் வைக்கவும் முடியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். பி.டி. டீச்சர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இது உங்களுக்கு.”

“யாரு குடுத்தாக?”

“மழை எழுதுன பிள்ளையோட அம்மா. எழுத வச்ச டீச்சர் நீங்கதானேன்னு என்கிட்ட கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.”

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். “ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீக?”

“தெரியல. கொஞ்ச நேரம் நீங்களா இருந்து பார்க்கணும்னு இருந்துச்சு.”

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நாள் ஆகியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் தாளை என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அந்தப் புள்ள என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே” என்றார். கொஞ்ச நேரம் முகம் இறுகியிருந்தது. பிறகு பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்து என் பக்கம் நீட்டினார். “எடுங்க டீச்சர். காரம் நல்லாருக்கும்” என்றார். இரண்டு பேரும் நாற்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மன்னித்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அதற்கடுத்த வருஷம் தலைமை ஆசிரியை மலரை எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார். பிள்ளைகளிடம் வாங்குவது அவர், அச்சுக்குக் கொடுப்பது நான். சிவப்புப் பேனாவை எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொள்கிறேன். சில நாள் அதற்கே கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தாளை எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிக் கிரவுண்டுக்கு ஓடுவதைப் பார்க்கும்போது நெஞ்சுக்குக் கீழே அது இன்னும் வருகிறது.

போன மாதம் அந்தப் பிள்ளை டி.சி. வாங்க வந்தாள். மதுரையில் கல்லூரி கிடைத்திருக்கிறதாம். கிரவுண்டில் பி.டி. டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு என்னிடமும் வந்து, “வாரேன் தமிழம்மா” என்றாள்.

“எழுதுறியா?” என்றேன்.

“எழுதுறேன் தமிழம்மா. ஒரு நோட்டு நிறைய இருக்கு.”

“யார்கிட்ட காட்டுவ?”

“யார்கிட்டயும் இல்ல.”

“பி.டி. மிஸ்கிட்ட?”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். “அவுககிட்டயும் காட்டல” என்றாள்.

நல்லபடியாகப் போய்ப் படி என்று வாழ்த்தி அனுப்பினேன். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அது எதனால் என்று எனக்குத் தெரியும். வெட்கமாகவும் இருந்தது.